அடைப்புக்குப் பிறகு மூளைச் செல் எப்படி இறக்கிறது: ஓர் எளிய விளக்கம்

கொடைக்கானல் மலை ஊர்களில் ஒருவருக்குத் திடீரென ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிட்டாலோ, வாய் கோணிப் பேச்சுக் குழறினாலோ, அதாவது ஸ்ட்ரோக் எனப்படும் பக்கவாதம் வந்தால், சுற்றியிருப்பவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். குளிரில் இரத்தம் உறைந்துவிட்டது என்பார் ஒருவர். மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்பார் இன்னொருவர். வாதம் அடித்தாயிற்று, இனி எண்ணெய் போட்டு உருவிவிடுவதைத் தவிர வழியில்லை என்பார் மூன்றாமவர். புறா இரத்தத்தைத் தேய்க்கச் சொல்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் இவை எல்லாவற்றையும்விடக் கேடு செய்வது, படித்தவர்களும் நம்பும் வேறொரு கருத்து: இரத்தம் நின்ற நொடியிலேயே மூளையின் அந்தப் பகுதி செத்துவிடுகிறது, ஆகவே இன்றிரவே வண்டி பிடித்து இறங்கினாலும் நாளைக் காலை போனாலும் ஒன்றுதான் என்பது.

அது தவறு. இரத்தம் நின்றதால் மூளைச் செல் பட்டினி கிடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான செல்கள் அந்தப் பட்டினியால் நேரடியாகச் சாவதில்லை. பட்டினி சில வேதிவினைகளைத் தொடங்கி வைக்கிறது. அவை ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு போய், செல்லின் சொந்தக் கருவிகளைக் கொண்டே செல்லை அழிக்கின்றன. அந்த அழிவு நிமிடங்களில் தொடங்கி, மணிக்கணக்கிலும், சில இடங்களில் நாள்கணக்கிலும் நடக்கிறது. அது எவ்வழியாக நடக்கிறது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

குளிரைப் பற்றி ஒரு சொல் மட்டும். கொடைக்கானல் மேல்மலையில் உள்ள மன்னவனூரில் உறைபனி விழும் ஜனவரி இரவிலும் மனித உடலின் உட்பகுதி 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். அங்கே இரத்தம் குளிரால் உறைவதில்லை. குளிரில் தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் ஏறலாம், அழுத்தம் ஏற்கெனவே கூடுதலாக உள்ளவருக்கு அது ஆபத்தைக் கூட்டலாம் என்பது வேறு செய்தி.

எந்த ஸ்ட்ரோக்?

மூளையின் ஒரு பகுதிக்கு இரத்த ஓட்டம் திடீரெனக் கெட்டு, அப்பகுதி செய்துவந்த வேலை நின்றுபோவதை ஸ்ட்ரோக் என்கிறோம். இரத்தக்குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது ஒரு வகை. இரத்தக்குழாய் அடைபடுவது மற்றொரு வகை. இரண்டாவதற்கு இஸ்கெமிக் ஸ்ட்ரோக் என்று பெயர். உலகெங்கும் ஏற்படும் ஸ்ட்ரோக்குகளில் பெரும்பாலானவை இவ்வகையே. ஒழுங்கற்றுத் துடிக்கும் இதயத்தில் உருவான இரத்தக்கட்டி மூளைக்குப் போய்ச் சிக்கலாம். கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்புத் திட்டு உடைந்து, அதன்மேல் திரண்ட கட்டி மேலே போகலாம். மூளைக்குள் இருக்கும் சிறிய குழாயே நாளடைவில் தடித்து மூடிக்கொள்ளலாம்.

வெளியிலிருந்து பார்த்து இரண்டு வகைகளையும் பிரித்தறிய முடியாது. சிடி ஸ்கேன் எடுத்த பிறகே மருத்துவர் மருந்தைத் தொடுவதும், ஸ்கேனுக்கு முன் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது என்பதும் இதனால்தான். இனிச் சொல்லப்போவது எல்லாம் அடைப்பு வகையைப் பற்றியது.

ஒரே சாலை உள்ள ஊரும், இரண்டு சாலை உள்ள ஊரும்

மழைக்காலத்தில் வத்தலகுண்டு மலைச்சாலையில், பெருமாள்மலைக்குக் கீழே எங்கோ மண் சரிந்து சாலை மூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொடைக்கானல் நகரத்துக்குச் சரக்கு வருவது அடியோடு நின்றுவிடாது. லாரிகள் பழனி வழியாகச் சுற்றிப் பெருமாள்மலைக்கு ஏறிவரும். வரத்துக் குறையும், தாமதமாகும், கடைகளில் பாதி மூடிக்கிடக்கும். ஆனால் ஊர் உயிரோடு இருக்கும். அதே மண்சரிவு பூம்பாறையைத் தாண்டி நடந்தால் நிலைமை வேறு. மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை போன்ற மேல்மலை ஊர்கள் பெரும்பாலும் அந்த ஒரே சாலையை நம்பியிருப்பவை. அங்கே அரிசியும் டீசலும் போவது அன்றே நின்றுவிடும். அறுவடை செய்த பூண்டும் கேரட்டும் கீழே இறங்க வழியில்லாமல் தேங்கும்.

மூளையின் இரத்த ஓட்டமும் இப்படித்தான். மூளையின் மேற்பரப்பில் பக்கத்துத் தமனிகளின் கிளைகள் ஒன்றோடொன்று மெல்லிய குழாய்களால் இணைந்திருக்கின்றன. ஒரு தமனி அடைபட்டால், பக்கத்துத் தமனியின் இரத்தம் இக்குழாய்கள் வழியே ஓரளவு சுற்றிவந்து சேரும். இவற்றைப் பக்கவழிக் குழாய்கள் எனலாம். மூளையின் ஆழத்தில் உள்ள சில பகுதிகளுக்கு அந்த வசதி இல்லை; அவற்றுக்குப் போகும் நுண்தமனி ஒன்று அடைபட்டால் அங்கே ஓட்டம் ஏறத்தாழ முழுவதும் நின்றுவிடுகிறது. பக்கவழிக் குழாய்கள் எவ்வளவு நன்றாக அமைந்திருக்கின்றன என்பது ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். ஒரே இடத்தில் ஒரே அளவு அடைப்பு வந்த இருவரில் ஒருவருக்கு ஒரு மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுவதும், மற்றவருக்குப் பத்து மணி நேரத்துக்குப் பிறகும் காப்பாற்ற நிறைய மிஞ்சியிருப்பதும் இதனால்தான்.

இந்த ஒப்புமை இதற்கு மேல் உதவாது. சாலை மூடிய ஊரில் மக்கள் இருப்பதைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நரம்புச் செல்லால் காத்திருக்க முடிவதில்லை. ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மௌனமான செல், இறந்த செல்

நலமாக இருக்கும்போது ஒவ்வொரு 100 கிராம் மூளைத் திசுவுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் இரத்தம் வருகிறது. இது ஏறத்தாழ 20க்குக் கீழே இறங்கும்போது நரம்புச் செல்கள் மின்சைகை அனுப்புவதை நிறுத்திவிடுகின்றன. வேலை நின்றுவிடுகிறது, ஆனால் செல் உயிரோடிருக்கிறது. ஏறத்தாழ 10க்கும் கீழே போகும்போதுதான் செல்லின் சுவரைத் தாங்கிநிற்கும் ஏற்பாடே குலைகிறது. இவ்விரு வரம்புகளும் ஒன்றல்ல என்பதை 1977இல் பபூன் குரங்குகளில் செய்த ஆய்வுகள் தெளிவாகக் காட்டின.

ஆகவே அடைப்புக்குப் பின் மூளையில் இரண்டு பகுதிகள் உருவாகின்றன. இரத்தம் மிகவும் குறைந்துபோய், சில நிமிடங்களிலேயே அழியத் தொடங்கும் நடுப்பகுதி ஒன்று. அதை மையம் என்போம். அதைச் சூழ்ந்து, பக்கவழி இரத்தத்தால் அரைவயிறாக உயிர்பிழைத்து மௌனமாகக் கிடக்கும் பகுதி மற்றொன்று. கிரகணத்தில் முழு நிழலைச் சுற்றி விழும் மங்கிய நிழலின் பெயரையே மருத்துவர்கள் இதற்கு வைத்து, பெனம்ப்ரா என்கிறார்கள். இங்கே அதைப் புறநிழல் என்றே குறிப்பிடுவோம்.

நோயாளியின் பக்கத்தில் நிற்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தெரியும் என்பதைக் கவனிக்க வேண்டும். கையை அசைக்கும் செல்கள் இறந்துபோனாலும் கை அசையாது. உயிரோடு மௌனமாக இருந்தாலும் அசையாது. ‘கை சுத்தமாக விழுந்துவிட்டது, இனி என்ன இருக்கிறது’ என்ற முடிவுக்குப் பின்னால் இருக்கும் பிழை இதுவே.

சுருக்கமாக: அடைப்பு உண்டான உடனே எல்லாம் இறப்பதில்லை. நடுவில் ஒரு மையம் வேகமாக இறக்கிறது. சுற்றிலும் உள்ள புறநிழல் வேலையை நிறுத்தி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நேரம் ஆக ஆக மையம் புறநிழலைத் தின்று விரிகிறது.

எரிபொருள் தீர்ந்தால் முதலில் நிற்பது எது?

மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஓய்வில் இருக்கும்போதே உடல் எடுக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை அது செலவழிக்கிறது. இத்தனை செலவாளியான உறுப்பிடம் சேமிப்பு ஏறத்தாழ இல்லை. தசையும் கல்லீரலும் சர்க்கரையைக் கணிசமாகச் சேர்த்துவைக்கின்றன. நரம்புச் செல்லோ இரத்தம் கொண்டுவரும் குளுக்கோஸையும் ஆக்சிஜனையும் அந்தந்த நொடிக்கு நம்பி வாழ்கிறது.

இவ்விரண்டையும் கொண்டு செல் தயாரிக்கும் ஆற்றல் மூலக்கூறுக்கு ஏடிபி என்று பெயர். செல்லுக்குள் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் இதுவே செலவாகிறது. ஏடிபியில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை மைட்டோகாண்ட்ரியா எனப்படும், செல்லுக்குள் இருக்கும் நுண்ணுறுப்புகள். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏடிபி கிடைக்கும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் கிடைப்பது 2 மட்டுமே. கூடவே லாக்டிக் அமிலம் சேர்ந்து திசு புளிக்கவும் தொடங்குகிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்த நிலையில் ஸ்ட்ரோக் வருபவர்களுக்குச் சேதம் கூடுதலாக இருப்பதற்கு இந்த அமிலமும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

நரம்புச் செல் தன் ஏடிபியில் மிகப் பெரிய பங்கை ஒரே ஒரு வேலைக்குச் செலவிடுகிறது: தன் சுவரில் உள்ள சோடியம்–பொட்டாசியம் பம்ப்பை ஓட்டுவதற்கு. ஒவ்வொரு ஏடிபிக்கும் இது மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. அயனி என்பது மின்னூட்டம் பெற்ற அணு. இந்த ஓயாத உழைப்பால்தான் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர்மின் தன்மையோடு இருக்கிறது. இந்த மின்வேறுபாடே நரம்புச் சைகைகளின் அடித்தளம்.

ஏடிபி தீர்ந்ததும் பம்ப் நின்றுவிடுகிறது. சோடியம் உள்ளே பெருகுகிறது, பொட்டாசியம் வெளியே கசிகிறது, மின்வேறுபாடு சரிகிறது. சோடியத்தைத் தொடர்ந்து குளோரைடும் நீரும் உள்ளே புகுவதால் செல் உப்புகிறது. மூளையின் மொத்த நீர் அளவு அப்போது அதிகம் மாறாவிட்டாலும், செல்லுக்கு வெளியே தாராளமாக நகர்ந்த நீர் செல்லுக்குள் அடைபடுகிறது. எம்ஆர்ஐ ஸ்கேனில் ஒரு குறிப்பிட்ட வகைப் படம் நீரின் இந்த நகர்வையே அளக்கிறது. அடைப்பு உண்டாகிச் சில நிமிடங்களிலேயே அப்பகுதி அதில் வெள்ளையாகத் தெரியத் தொடங்குவது இதனால்தான்.

செல்லின் சொந்தச் செய்தியே நஞ்சாகும் கட்டம்

இதுவரை சொன்னது வெறும் பற்றாக்குறை. இனி வருவதுதான் மூளைக்கே உரிய கேடு; இக்கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது என்பேன்.

நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு வேதிப்பொருள்களைப் பயன்படுத்துகின்றன. மூளையில் ‘கிளர்ந்தெழு’ என்ற செய்தியைச் சுமப்பவற்றுள் முதன்மையானது குளூட்டமேட். வழக்கமாக அது இரண்டு செல்களுக்கு நடுவே உள்ள மிக நுண்ணிய இடைவெளியில் சிறிதளவு வெளிவந்து, எதிரில் உள்ள செல்லைத் தொட்டு, உடனே துடைத்தெடுக்கப்பட்டுவிடும். துடைக்கும் வேலையைச் செய்பவை பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் துணைச் செல்களின் சுவரில் உள்ள கடத்திப் புரதங்கள். அந்தக் கடத்திகள் ஓடுவதும் சோடியம் வெளியே மிகுந்தும் உள்ளே குறைந்தும் இருக்கும் வேறுபாட்டின் விசையால்தான்.

பம்ப் நின்று மின்வேறுபாடு சரிந்தவுடன், செல்லின் நுனிகள் அதைச் சைகை வந்ததாகவே எடுத்துக்கொண்டு, சேமித்து வைத்திருந்த குளூட்டமேட்டைக் கொட்டிவிடுகின்றன. துடைத்தெடுக்க வேண்டிய கடத்திகளோ விசை இழந்து நிற்பதோடு, எதிர்த்திசையில் ஓடி உள்ளிருக்கும் குளூட்டமேட்டையும் வெளியே தள்ளுகின்றன. சுற்றிலும் உள்ள ஒவ்வொரு செல்லும் இடைவிடாமல் ‘கிளர்ந்தெழு’ என்ற கட்டளையைப் பெறுகிறது. கிளர்ந்தெழுவதற்கோ ஆற்றல் வேண்டும். இருக்கிற கொஞ்ச ஆற்றலும் அதில் கரைகிறது. அளவுக்கு மீறிய கிளர்ச்சியால் நரம்புச் செல் இறப்பதற்கு 1969இல் ஜான் ஓல்னி என்ற அமெரிக்க ஆய்வாளர் எக்சைட்டோடாக்சிசிட்டி என்று பெயரிட்டார். தமிழில் கிளர்ச்சி நச்சு எனலாம்.

குளூட்டமேட் என்றதும் பலருக்கும் அஜினோமோட்டோ நினைவுக்கு வரும். இரண்டிலும் இருப்பது ஒரே பொருள்தான். ஆனால் நலமான மூளையின் இரத்தக்குழாய்ச் சுவர்கள் உணவிலிருந்து இரத்தத்துக்கு வரும் குளூட்டமேட்டை எளிதில் உள்ளே விடுவதில்லை. ஸ்ட்ரோக்கில் கேடு செய்வது மூளைக்குள்ளேயே மூளைக்காகத் தயாரான குளூட்டமேட். ஃப்ரைடு ரைஸை இதில் குற்றவாளியாக்க வேண்டியதில்லை.

குளூட்டமேட்டைப் பெற்றுக்கொள்ளும் புரதங்களை ஏற்பிகள் என்பர். அவற்றுள் என்எம்டிஏ ஏற்பி என்பது நடுவில் துளையுள்ள ஒரு வாயில். சாதாரண நிலையில் அந்தத் துளையை ஒரு மெக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். குளூட்டமேட் வந்து ஒட்ட வேண்டும், அதே நேரத்தில் செல்லின் மின்வேறுபாடும் குறைந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் மெக்னீசியம் விலகி வாயில் திறக்கும். நலமான மூளையில் இரண்டும் ஒன்றுசேர்வது கணநேரத்துக்கு மட்டுமே. நாம் புதியன கற்பதற்கும் நினைவில் வைப்பதற்கும் அந்தக் கணநேரத் திறப்பு இன்றியமையாதது. அடைப்புக்குப் பின் இரண்டு நிபந்தனைகளும் ஓயாமல் நிறைவேறிக்கொண்டே இருப்பதால் வாயில் திறந்தபடியே நிற்கிறது. அதன் வழியே உள்ளே பாய்வது கால்சியம்.

கால்சியம் செய்யும் வேலை

செல்லுக்கு வெளியே உள்ள கால்சியத்தின் செறிவு, உள்ளே இருப்பதைப்போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. செல் அதைப் பாடுபட்டு இந்த அளவுக்குக் குறைத்து வைத்திருப்பதற்குக் காரணம், கால்சியம் அங்கே ஓர் ஆணையாக இயங்குவதுதான். சிறிதளவு கால்சியம் உள்ளே வந்தாலே பல நொதிகள் விழித்துக்கொள்ளும். நொதி என்பது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம்.

வெள்ளமாக வரும்போது அவை எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. கால்பெயின் என்ற நொதி செல்லின் உள்சட்டகமாக இருக்கும் புரதங்களை வெட்டுகிறது. பாஸ்போலிபேஸ்கள் என்ற நொதிகள் செல்சுவரின் கொழுப்பைச் சிதைக்கின்றன. இன்னொரு நொதி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை அளவின்றித் தயாரிக்கிறது. இவற்றில் எதுவும் வெளியிலிருந்து வந்த எதிரி அன்று; செல்லைப் புதுப்பிக்கவும் செய்தி அனுப்பவும் அன்றாடம் பயன்படும் கருவிகளே இவை.

மையத்தில் நடப்பது மையத்தோடு நின்றால் இழப்பு அளவோடு இருந்திருக்கும். அங்கே கசிந்த பொட்டாசியமும் குளூட்டமேட்டும் பக்கத்துத் திசுவைத் தொட்டு, அங்குள்ள செல்களின் மின்வேறுபாட்டையும் சரியவைக்கின்றன. அவை தம் பங்குக்குப் பொட்டாசியத்தைக் கசியவிடுகின்றன. இப்படி ஒரு சரிவலை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் புறநிழலுக்குள் ஊர்ந்து செல்கிறது. மூளைப் பரப்பில் இத்தகைய அலை ஊர்வதை முதலில் விவரித்தவர் பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடிஸ் லியாவோ, ஆண்டு 1944. இரத்தம் தாராளமாக வரும் மூளை இந்த அலை கடந்தபின் பம்ப்பை ஓட்டி மீண்டுவிடும். அரைவயிறாக இருக்கும் புறநிழலுக்கு ஒவ்வோர் அலையும் கட்டமுடியாத செலவு. அலைகள் மீண்டும் மீண்டும் வரும்போது புறநிழலின் ஓரம் மையத்தோடு சேர்ந்துகொண்டே போகிறது.

சுருக்கமாக: ஆற்றல் தீர்கிறது, பம்ப் நிற்கிறது, குளூட்டமேட் கொட்டுகிறது, கால்சியம் பாய்கிறது, செல்லின் நொதிகள் செல்லையே வெட்டுகின்றன. இந்தச் சங்கிலி பக்கத்துச் செல்களுக்கும் பரவுகிறது.

மைட்டோகாண்ட்ரியாவின் சரிவு

உள்ளே வந்த கால்சியத்தின் ஒரு பகுதியை மைட்டோகாண்ட்ரியா தம்முள் இழுத்துக்கொண்டு செல்லைக் காக்க முயல்கின்றன. ஓர் எல்லைக்குமேல் அவற்றின் உட்சுவரில் துளை திறந்து, ஏடிபி தயாரிக்கும் திறனே போய்விடுகிறது. பழுதடைந்த மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சூப்பராக்சைடு போன்ற, எதனோடும் பாய்ந்து வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெளிவருகின்றன. இவ்வகையானவற்றைப் பொதுவாகக் கட்டற்ற மூலக்கூறுகள் என்பர். சூப்பராக்சைடும் மேலே சொன்ன நைட்ரிக் ஆக்சைடும் சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட் என்ற, இன்னும் கொடிய பொருள் உண்டாகிறது. அது புரதத்தையும் கொழுப்பையும் டிஎன்ஏவையும் தாக்குகிறது.

டிஎன்ஏ உடைந்தால் அதைப் பழுதுபார்க்கும் நொதி ஒன்று உண்டு. உடைப்பு அளவுக்கு மீறும்போது அந்த நொதி ஓயாமல் வேலைசெய்து, செல்லின் எஞ்சிய ஆற்றல் முதலையும் கரைத்துவிடுகிறது. பழுதுபார்ப்பே செல்லைத் திவாலாக்கும் இந்த நிலை, விலங்கு ஆய்வுகளில் நன்றாகக் காட்டப்பட்டிருக்கிறது.

ஒரே சாவு அன்று

மையத்தில் ஆற்றல் அடியோடு இல்லாததால், செல்கள் உப்பி வெடித்து உள்ளடக்கத்தைச் சுற்றிலும் சிந்துகின்றன. இதற்கு நெக்ரோசிஸ் என்று பெயர். புறநிழலில் ஓரளவு ஆற்றல் இருக்கிறது. அங்கே பழுதான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிந்து, காஸ்பேஸ் எனப்படும் வெட்டும் நொதிகளை ஒன்றன்பின் ஒன்றாக இயக்குகிறது. செல் தன்னை ஒழுங்காகக் கூறுபோட்டுச் சுருங்கி மடிகிறது. 1972இல் பெயரிடப்பட்ட இம்முறை அப்போப்டோசிஸ். இதற்கு ஏடிபி தேவை, நேரமும் தேவை. மணிக்கணக்கில் தொடங்கி நாள்கணக்கில் நீள்கிறது. இரும்பின் துணையோடு செல்சுவரின் கொழுப்பு கெட்டு இறக்கும் ஃபெரோப்டோசிஸ் என்ற முறைக்கு 2012இல்தான் பெயர் வைத்தார்கள். வேறு சில முறைகளும் உண்டு. தொடக்க நிலை வாசகருக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை. உண்மையான மூளையில் இவை ஒன்றோடொன்று கலந்தே நடக்கின்றன என்பதை அறிந்தால் போதும்.

இரத்தம் திரும்பும்போது

அடைப்பை நீக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது இயல்பு. பெரும்பாலும் அதுவே சரியான சிகிச்சை. ஆனால் நெடுநேரம் கழித்துத் திரும்பும் இரத்தம் சிறிது கேட்டையும் கொண்டுவருகிறது. ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் மைட்டோகாண்ட்ரியாவில் தேங்கிய பொருள்கள், ஆக்சிஜன் வந்ததும் ஒரேயடியாக எரிந்து கட்டற்ற மூலக்கூறுகளைப் பொழிகின்றன. மூளையின் இரத்தக்குழாய்ச் சுவரும் இதற்குள் நைந்துபோயிருக்கும். சுவரின் அடித்தளத்தைக் கரைக்கும் நொதிகள் இயங்கத் தொடங்கியிருப்பதால், திரும்பிய இரத்தம் அதன் வழியே மூளைக்குள் கசியலாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நேரம் கடந்தபின் போட மருத்துவர்கள் மறுப்பதற்கு முதன்மையான காரணம் இந்தக் கசிவுதான். குடும்பத்தினர் எண்ணுவதுபோல விலையோ அலட்சியமோ அன்று.

அடுத்த சில நாட்களில் மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவும், இரத்தத்திலிருந்து வரும் வெள்ளணுக்களும் அங்கே திரள்கின்றன. நெக்ரோசிஸில் சிந்திய பொருள்களே இவற்றை அழைக்கின்றன. தொடக்கத்தில் இவை பிழைத்திருக்கும் செல்களையும் தாக்குகின்றன. பிறகு குப்பையை அகற்றி ஆற்றுவதும் இவையே. பெரிய ஸ்ட்ரோக்கில் வீக்கம் பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்தை அடைகிறது. ‘நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று மயங்கிவிட்டார்’ என்று உறவினர் மருத்துவமனையில் அதிர்ச்சியோடு சொல்வது பல நேரங்களில் இந்த வீக்கத்தால்தான்.

இத்தனை தெரிந்தும் ஏன் ஒரு மருந்து இல்லை?

சங்கிலியின் கண்ணிகள் எல்லாம் தெரிந்துவிட்டால் ஏதாவது ஒரு கண்ணியை அறுத்துவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. அறுக்க முயன்றவர்கள் மிகப் பலர். ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்பட்ட இத்தகைய சிகிச்சைகளை 2006இல் எண்ணிப் பார்த்தபோது அவை ஆயிரத்தைத் தாண்டின. எலிகளில் வென்ற பல, மனிதரில் தோற்றன. கட்டற்ற மூலக்கூறுகளைப் பிடிப்பதற்காக உருவாக்கிய என்எக்ஸ்ஒய்–059 என்ற மருந்து பெரும் எதிர்பார்ப்புக்குப் பின் 2007இல் வெளியான சோதனை முடிவில் பயனற்றதாகத் தெரிந்தது.

என்எம்டிஏ வாயிலை மெக்னீசியம் அடைக்கிறது என்று மேலே பார்த்தோம். ஆகவே மெக்னீசியத்தையே ஊசியாகக் கொடுத்தால் என்ன? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில், நோய்க்குறி தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள், ஆம்புலன்ஸிலேயே 1,700 பேரிடம் அதைச் சோதித்தார்கள். 2015இல் முடிவு வெளியானது: மூன்று மாதங்கள் கழித்துப் பார்த்தபோது பயன் எதுவும் இல்லை. என் கருத்தில், தோல்விகளிலேயே மிகவும் கற்பிப்பது இதுதான். மருந்து தாமதமாகப் போனது என்ற வழக்கமான சமாதானம் இதற்குப் பொருந்தாது. இரத்தத்தில் ஏற்றிய மெக்னீசியம் மூளைத் திசுவுக்கு மெதுவாகவே போய்ச் சேர்கிறது. மேலும், மின்வேறுபாடு சரிந்த செல்லில் அந்த அயனி வாயிலில் நிலைத்து உட்காருவதும் இல்லை. தவிரவும், ஒரு கண்ணியை அறுத்தாலும் சாவு வேறு கண்ணி வழியே சுற்றிப்போகக்கூடும். இரத்தம் வராத இடத்துக்கு இரத்தத்தின் வழியே மருந்தை அனுப்புவதே ஒரு முரண்.

இன்று உறுதியாகப் பயன் தருபவை சங்கிலியின் முதல் கண்ணியைத் தொடுபவை, அதாவது அடைப்பையே நீக்குபவை. கட்டியைக் கரைக்கும் ஊசி மூன்று மணி நேரத்துக்குள் பயன் தரும் என்பது 1995இலும், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு நான்கரை மணி நேரம் வரை பயன் தரும் என்பது 2008இலும் நிறுவப்பட்டன. பெரிய தமனியில் சிக்கிய கட்டியை, தொடை வழியாகக் குழாய் செலுத்தி வெளியே இழுத்தெடுக்கும் சிகிச்சையின் பயன் 2015இல் உறுதியானது. 2018இல் வெளியான இரண்டு ஆய்வுகள், ஸ்கேனில் மையம் சிறிதாகவும் புறநிழல் பெரிதாகவும் தெரிபவர்களுக்கு, 16 மணி நேரம் வரையிலும், சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் இச்சிகிச்சை உதவும் என்று காட்டின. பக்கவழிக் குழாய்கள் நன்றாக அமைந்தவர்களே அப்படிப்பட்டவர்கள்.

இந்த 24 மணி நேரத்தைப் பொறுமையாக இருக்கலாம் என்பதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக்கூடாது. பெரிய தமனி அடைபட்டவருக்குச் சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன என்பது 2006இல் வெளியான ஒரு கணிப்பு. ஒருவரின் பக்கவழிக் குழாய்கள் எப்படி இருக்கின்றன என்பதை ஸ்கேன் எடுக்கும்வரை யாராலும் சொல்ல முடியாது.

மலையிலிருந்து இறங்கும் வழியில்

மேல்மலை ஊர்களிலிருந்து கொடைக்கானலுக்கு வருவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஆகவே 108ஐ அழைக்கும்போதே ஸ்ட்ரோக் என்ற ஐயத்தைச் சொல்லி, சிடி ஸ்கேனும் ஊசியும் உள்ள, எட்டக்கூடிய மருத்துவமனை எது என்று கேட்டுக்கொள்வது நல்லது. மருத்துவர் முதலில் கேட்பது, நோயாளி கடைசியாக நலமாக இருந்ததை யார், எப்போது பார்த்தார்கள் என்பது. காலையில் எழும்போதே கை விழுந்திருந்தால், எழுந்த நேரத்தைச் சொன்னால் போதாது; முந்தைய இரவு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்த நேரத்தையும் சொல்ல வேண்டும். விழுங்கும் தசைகளும் செயலிழந்திருக்கலாம் என்பதால் காபி, தண்ணீர், மாத்திரை எதையும் வாயில் கொடுக்கக்கூடாது.

இரத்த அழுத்தம் 180, 190 என்று காட்டியதும், பதறிப்போய் நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து இறக்கிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அடைப்பு வகை ஸ்ட்ரோக்கில் புறநிழலுக்கு இரத்தம் வருவது மெல்லிய பக்கவழிக் குழாய்கள் வழியே. அவற்றில் இரத்தத்தைத் தள்ளுவது பெரும்பாலும் அந்தக் கூடுதல் அழுத்தமே. அதைத் திடீரென இறக்கினால், நிமிடத்துக்கு 15 மில்லிலிட்டரில் உயிர்பிழைத்திருந்த திசு 10க்குக் கீழே போய், பம்ப் நின்றுவிடலாம். கரைக்கும் ஊசி போடுவதற்கு முன் அழுத்தத்தை 185/110க்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஊசியோ கட்டி எடுக்கும் சிகிச்சையோ பெறாதவருக்குப் பொதுவாக 220/120 வரை தாங்கவிடுகிறார்கள். எந்த எண்ணில் நிறுத்துவது என்பதை ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் முடிவு செய்வார். வழியில் யாரும் அதைத் தொடாமல் இருப்பதே புறநிழலுக்கு நல்லது.